சிவப்புப் பூ வந்தால் கம்ப்யூட்டர்

அந்தக் கல்லூரிக் கூடத்தில் அன்றைக்குக் காலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேடையில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் வரிசையாகப் படிப்புகளின் பெயர். பக்கத்தில், இன்னும் எத்தனை இடம் பாக்கி என்று நம்பர். ஒரு பிள்ளை மேசைக்குப் போய்த் தனக்கு வேண்டிய படிப்பைச் சொல்லிவிட்டு வந்தால், ஒருவர் எழுந்து தோளில் கிடக்கிற துண்டாலேயே பழைய நம்பரைத் துடைத்துவிட்டுப் புதுசு எழுதுவார். அன்றைக்குப் பொதுப் பிரிவுக்குக் கவுன்சிலிங். தஞ்சாவூர் வெயில் தகரக் கூரைக்கு மேலே நின்று எங்களை வேகவைத்தது.

எல்லார் கண்ணும் பலகையின் முதல் வரியில். கம்ப்யூட்டர் சயின்ஸ். அந்த நம்பர் இறங்க இறங்கக் கூடத்தில் பெருமூச்சு ஏறும். எனக்கு இந்தப் பக்கம் ஒரு அப்பா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். தன் பிள்ளையின் முறை வருகிறவரைக்கும் அந்த இடம் தீரக் கூடாது என்று வேண்டுதல்.

நானும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். சீக்கிரம் தீர்ந்துபோகட்டும் என்று.

அந்தக் கூடத்தில் அப்படி வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கு அந்தப் பக்கம் கயல்விழி. என் தம்பி மகள். இப்போது நான் இருப்பதும் அவர்கள் வீட்டில்தான். மடியில் மார்க் ஷீட் வைத்த பிளாஸ்டிக் பை. போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லைப் பற்றி எழுதியபோது இவளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த வாரம் முழுக்கவும் இவளைப் பற்றித்தான். இவளிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். "எழுதிக்கோங்க அத்தை. என்னை ரொம்ப நல்லவளா மட்டும் எழுதிடாதீங்க, காலேஜ்ல சிரிப்பாங்க" என்றாள்.

முளை விட்ட விதை

நான் அங்கே போயிருக்க வேண்டியவளே இல்லை. கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போனால் தூணுக்குப் பின்னால் இடம் பார்த்து உட்காருவேன். ரேஷன் கடையில் ஏதாவது கேட்டால் வாயைத் திறக்காமல் கார்டை நீட்டுவேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காலேஜ் வாசலை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி.

ஆனால் அந்த வாரம் பார்த்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் வருகிறது என்று சேதி கேட்டதுமே என் தம்பி குறுவைக்கு விதை நெல்லை ஊறப் போட்டு, சாக்கில் கட்டி வைத்துவிட்டான். கவுன்சிலிங்குக்கு நாள் குறித்து போனில் மெசேஜ் வந்தது. மறுநாள் சாக்கை அவிழ்த்துப் பார்த்தால் விதை வெள்ளை வெள்ளையாய் முளை விட்டிருக்கிறது. அதற்கு மறுநாள் நாற்றங்காலில் தெளித்தே ஆக வேண்டும். விட்டால் முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாழாகிவிடும். அந்த மறுநாள்தான் கவுன்சிலிங்.

"அக்கா, நீதான் போவணும். பேச ஒண்ணும் இல்ல. கூட உட்கார்ந்திருந்தாப் போதும். பேசுறதெல்லாம் அது பேசிக்கும்" என்றான் தம்பி.

அவன் பெண்டாட்டி மல்லிகா எனக்குத் தலை பின்னிவிட்டாள். அப்படியே காதோடு சொன்னாள்: "கம்ப்யூட்டர்னு சொல்லணும், அண்ணி. அங்க போயி வேற எதையாவது சொல்லிடப் போவுது. நீங்க பக்கத்துலயே இருங்க."

பூதலூரில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் கயல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வாய்க்காலில் புதுத் தண்ணீர் குப்பையைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. அதைக் கண்டால் எனக்கு எப்போதும் மனசு குளிரும். அன்றைக்கு என்னவோ குளிரவில்லை.

நண்டுக்கு ஒரு டிகிரியா

கயலுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊர்கிற பிராணி, தத்துகிற பிராணி எல்லாம் சொந்தக்காரங்க மாதிரி. மற்றப் பிள்ளைகள் தவளையைக் கண்டால் கல்லெடுக்கும். இவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். பிளஸ் டூ பரீட்சை முடிந்து லீவில் இருந்தபோது ஒரு சாயங்காலம் கொல்லையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

பக்கெட்டில் ஒரு வயல் நண்டு. அதைப் பிடித்துத் திருப்பி, வயிற்று மடிப்பை ஒரு ஈர்க்குச்சியால் லேசாக நகர்த்திக் காட்டினாள். உள்ளே மிளகு மிளகாகக் குஞ்சுகள். அத்தனையும் அசைந்துகொண்டிருந்தன.

"வெளியில விடாம வயித்துலயே வெச்சுக்கிட்டுத் திரியுது, பாருங்க. அதுங்களா கிளம்பிப் போறவரைக்கும்."

எனக்கு விவரம் தெரிந்த நாளாக வயல் நண்டைப் பார்க்கிறேன். வரப்பை ஓட்டை போட்டுத் தண்ணீரைக் களவாடுகிற சனியன் என்று தெரியும். மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தால் சளிக்கு நல்லது என்றும் தெரியும். அதன் வயிற்றைத் திறந்து பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மல்லிகா வந்து பார்த்தாள். "குளிக்கிற பக்கெட்டுடி அது" என்றாள்.

அன்றைக்குத்தான் கயல் வீட்டில் வாயைத் திறந்தாள். "அம்மா, நான் காலேஜ்ல விலங்கியல் எடுக்கப் போறேன்."

"அது என்ன படிப்பு?"

"இதெல்லாம்தான். பூச்சி, மீன், நண்டு."

"நண்டு பிடிக்கிறதுக்கு ஒரு டிகிரியா? நம்ம ஊருல டிகிரி இல்லாமலே நல்லாத்தானே பிடிக்கிறாங்க."

"பிடிக்க இல்லம்மா. தெரிஞ்சுக்க."

"தெரிஞ்சு?"

கயல் நண்டைப் பக்கெட்டுக்குள் மெதுவாக இறக்கிவிட்டாள்.

மல்லிகாவைக் குறை சொல்லிவிடாதீர்கள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடவுக்கும் களைக்கும் இறங்கினவள். சேற்றுப்புண் ஆறாத கால் அவளுக்கு. அவளுடைய அக்கா மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்க்கிறாள். ஆபீஸில் ஏசி குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். சித்திரை மாத வெயிலில் ஸ்வெட்டர். மல்லிகா அந்தப் போட்டோவை போனில் வைத்துக்கொண்டு தெருவில் எல்லாருக்கும் காட்டினாள். தன் மகளுக்கும் அப்படி ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதில் என்ன தப்பு?

என் தம்பி என்ன சொன்னான் என்று கேட்பீர்கள். மல்லிகா பேசினால் அவளைப் பார்த்துத் தலையாட்டுவான். கயல் பேசினால் கயலைப் பார்த்துத் தலையாட்டுவான். ஒரு வாரம் இப்படி ஆட்டிக் கழுத்து வலித்துப்போய்க் கடைசியில் சொன்னான்:

"எதுக்கு வம்பு? அம்மன்கிட்டக் கேட்டுருவோம்."

பூ கட்டிப் பார்த்தோம்

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியம் செய்யலாமா கூடாதா, இதுவா அதுவா என்று மனசு குழம்பினால், எங்கள் பக்கத்தில் அம்மன் கோயிலுக்குப் போவோம். சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் வைத்து மடித்து, ஒரே மாதிரி நாரால் கட்டி அம்மன் காலடியில் போடுவோம். விஷயம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. கேட்டால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

கம்ப்யூட்டருக்குச் செவ்வரளி. விலங்கியலுக்கு நந்தியாவட்டை. பூசாரி கட்டினார். அப்படி இப்படி உருட்டி அவருக்கே எது எது என்று தெரியாமல் ஆக்கிவிட்டுக் காலடியில் போட்டார். எடுக்க ஆள் வேண்டும். மத்தியான நேரம், தெருவில் ஈ காக்கை இல்லை. அந்த நேரம் பார்த்து, கரண்டு ரீடிங் எடுக்க வருகிற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். மல்லிகா கை காட்டி நிறுத்தினாள்.

"ஒரு பொட்டலம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்கம்மா."

"என்ன, கல்யாண விஷயமா?"

"எடுங்க, சொல்றேன்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஹெல்மெட்டோடு குனிந்து ஒன்றை எடுத்தாள். பூசாரி நாரைப் பிரித்தார். செவ்வரளி.

மல்லிகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் சந்தோஷம். "பொண்ணு காலேஜ்ல என்ன படிக்கிறதுன்னு கேட்டோம். கம்ப்யூட்டர்னு உத்தரவாயிருச்சு" என்றாள்.

"அப்படியா? நானும் அதான் படிச்சேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, அடுத்த வீட்டு மீட்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

என் தம்பி அண்ணாந்து கோயில் மணியைப் பார்த்தான். கயல் என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது எனக்குத் தெரிந்தது. அதை அடக்கிக்கொண்டு, "சரிப்பா" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை, சாப்பிடாமல் இருக்கவில்லை. மறுநாள் காலையில் நண்டைக் கொண்டுபோய் பம்புசெட்டு வாய்க்காலில் விட்டுவிட்டு, பக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக் குளியலறையில் வைத்தாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

என் கல்யாணத்துப் பூ

பூ என்று வந்துவிட்டதால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பூ கட்டிப் பார்க்காமல் எதுவும் நடந்ததில்லை. மாட்டை விற்பதா, போர்வெல் எந்த மூலையில் போடுவது, எல்லாவற்றுக்கும் பூ. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வெள்ளை வந்தால் சம்மதம் என்று வைத்திருந்தார் அப்பா. முதல் மாப்பிள்ளை திருவாரூர்ப் பக்கம். நல்ல நிறம், சைக்கிள் கடை. சிவப்பு வந்தது. அடுத்தவருக்கும் சிவப்பு. அதற்கு அடுத்தவருக்கும். அப்பா பயந்துபோய்விட்டார். நான்காவதாக வந்தவர் நெல் மில்லில் நெல்லைப் புழுக்குகிற அவியல் தொட்டி பார்க்கிறவர். அவருக்கு வெள்ளை வந்தது. அம்மன் மனசு மாறுவதற்குள் என்று அப்பா அந்த மாசமே கல்யாணத்தை முடித்துவிட்டார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதைத் தவிர நல்லாத்தான் இருந்தோம். அதிர்ந்து பேசாத மனுஷன். மில் விட்டு வரும்போது உடம்பெல்லாம் புழுங்கல் நெல் வாசம் அடிக்கும்.

ரொம்ப வருஷம் கழித்து, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுலயும் அன்னைக்குப் பூ கட்டிப் பார்த்தாங்க."

"என்ன வந்துச்சு?"

"செவப்பு."

எனக்குக் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"எங்கப்பா பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்த்தாரு. உடனே வாயில போட்டு மென்னு முழுங்கிட்டாரு. வெத்தலையில கட்டியிருந்துச்சு, நல்ல வேளை. வெள்ளைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. அவருக்கு உன்னையப் பிடிச்சுப்போச்சு."

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு வடிக்கும்போது மாமனார் செவ்வரளியை மெல்லுகிற மாதிரி நினைப்பு வந்து சிரித்துவிட்டேன். அரளியைத் தின்றால் உயிர் போய்விடும், அதனால் அது செம்பருத்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பிறகு நாங்கள் முடிவுசெய்துகொண்டோம்.

இந்தக் கதையை நான் எங்கள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மல்லிகா இந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

கடைசி இடம்

கூடத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு அடுத்த நாற்காலிகளில் ஒரு அம்மாவும் மகளும். அதிராம்பட்டினத்துக்காரங்க. மகள் பெயர் சமீமா. விடியலுக்கு முன்னாலேயே பஸ் ஏறினார்களாம். எங்கள் புளிச்சோற்றையும் அவர்கள் இடியாப்பத்தையும் மாற்றிக்கொண்டோம். பிள்ளைகள் இரண்டும் ரேங்க் நம்பரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். கயலுக்கு அடுத்தது சமீமா.

"எம்புள்ள கம்ப்யூட்டர்னா படிக்கிறேங்குது, இல்லாட்டி வீட்டுலயே இருக்கேங்குது. வீட்டுல இருந்தா அடுத்து என்ன பேச்சு வரும்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றாள் அந்த அம்மா.

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

பலகையில் முதல் வரி மூன்றாயிற்று. இரண்டாயிற்று. துண்டுக்காரர் எழுந்து ஒன்று என்று எழுதினார். கயலுக்கு முன்னால் இன்னும் ஒரு பையன் இருந்தான். என் உயிரெல்லாம் அந்தப் பையன் மேலே. எடுத்துக்கடா சாமி, எடுத்துக்க. அவன் மேசைக்குப் போனான். துண்டுக்காரர் எழுந்தார். கீழே நாலாவது வரியில், பி.காமில் போய்த் துடைத்தார்.

"கயல்விழி" என்று கூப்பிட்டார்கள்.

கூட யார் வந்திருக்கிறீர்களோ அவர்களும் வாருங்கள் என்றார்கள். நான் எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. மேசையில் ஒரு பேராசிரியர் அம்மா. மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல மார்க். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒண்ணு இருக்கு, உன் நல்ல நேரம். சொல்லும்மா, என்ன மேஜர்?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ், மேடம்" என்றாள் கயல்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அந்த அம்மா எழுதப் போனார். பேனா காகிதத்தைத் தொட்டது. அந்தக் காகிதத்தின் மேலே என் கை போய் விழுந்தது. நான்தான் வைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"என்னம்மா இது? கையை எடுங்க."

எடுக்கவில்லை. உள்ளங்கை வேர்த்துக் காகிதம் நனைந்தது.

"யாரு, பாட்டியா?"

"அத்தை" என்றாள் கயல். "அத்தை, என்ன பண்றீங்க?"

"வேணாங்க" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"எது வேணாம்?"

"கம்ப்யூட்டரு."

பின்னால் வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. காலையிலிருந்து அந்த மேசையில் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"அத்தை, பூ வந்துருச்சுல்ல. கையை எடுங்க" என்று கயல் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பூவா? என்ன பூ?" என்று பேராசிரியர் அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

கயல் தலையைக் குனிந்துகொண்டு, அம்மன் கோயில் கதையை நாலு வார்த்தையில் சொன்னாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் ஓடிவந்திருப்பேன்.

"சரி, செவப்பு கம்ப்யூட்டர். வெள்ளை எதுக்கு வெச்சீங்க?"

நான் சொன்னேன், "விலங்கியலுங்க."

"உங்களைக் கேக்கலம்மா." கயல் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. ரெண்டுல எதைச் சொன்னாலும் எழுதுவேன். ஆனா நீ சொல்லணும். மூணு வருஷம் இங்க வந்து உட்காரப் போறது உங்க அம்மாவும் இல்ல, இந்த அத்தையும் இல்ல."

"மேடம், வரிசை நிக்குது" என்றார் துண்டுக்காரர்.

"நிக்கட்டும்."

கயல் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அங்கே மல்லிகா நிற்கிற மாதிரி. அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு, "விலங்கியல், மேடம்" என்றாள்.

நான் கையை எடுத்தேன். என் உள்ளங்கையில் மை ஒட்டியிருந்தது.

நாங்கள் படி இறங்கும்போது சமீமா ஏறினாள். திரும்பிப் பார்ப்பதற்குள் துண்டுக்காரர் முதல் வரியைத் துடைத்து முட்டை போட்டுவிட்டார். சமீமாவின் அம்மா வந்து மை ஒட்டிய என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்த அந்த அப்பா மட்டும் கண்ணைத் திறந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் பார்க்க என்னால் முடியவில்லை.

யார் சொல்வது

ரயிலில் எங்களுக்குள் சண்டை.

"அம்மாகிட்ட யார் அத்தை சொல்றது?"

"நீதானே படிக்கப் போற. நீ சொல்லு."

"நீங்கதானே கையை வெச்சீங்க."

"வாயால சொன்னது நீதானே."

பூதலூர் வருகிறவரைக்கும் இதே பேச்சு. இறங்கி நடந்து போனால், விதை தெளித்து முடித்து வரப்பில் நிற்கிறார்கள் இரண்டு பேரும். தம்பி முழங்கால் வரை சேறு. மல்லிகா வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, கம்ப்யூட்டர் கிடைச்சுதா?"

"இருந்துச்சும்மா. ஒண்ணு இருந்துச்சு. நான் விலங்கியல் எடுத்துட்டேன்."

மல்லிகா நிமிரவில்லை. சேறு போன காலையே திரும்பத் திரும்பக் கழுவினாள். என் தம்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து மல்லிகா என்னோடு பேசவில்லை. எதிரில் நான் நின்றுகொண்டிருந்தாலும், "கயலு, உங்கத்தைக்குக் காப்பி ஆறுது" என்பாள். "உங்கத்தையத் துணி எடுத்துப் போடச் சொல்லு, மழை வர்ற மாதிரி இருக்கு" என்பாள். கயலும் அதை எனக்கு ஒப்பிப்பாள். "அத்தை, மழை வர்ற மாதிரி இருக்காம்." எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். மல்லிகாவுக்கு என் மேல் இருந்த கோபத்தைவிட அம்மன் மேல் இருந்த பயம் பெரிது. உத்தரவை மீறிவிட்டோம். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நாற்றங்கால் பச்சை கட்டின அன்றைக்கு, நான் கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மல்லிகா வந்து எதிரில் உட்கார்ந்து, அவளும் ஒரு கொத்தை எடுத்தாள்.

"அது முதல்ல என்ன சொல்லுச்சு, அண்ணி? மேசையில?"

"கம்ப்யூட்டர்னுதான் சொல்லுச்சு. நீ சொல்லி அனுப்பினதைத்தான் சொல்லுச்சு. நான்தான் கையை வெச்சுட்டேன்."

கொஞ்ச நேரம் கீரையை உருவினாள்.

"அப்படிச் சொல்லும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

எனக்குப் பொய் சொல்லவும் தெரியாது, அழகாகச் சொல்லவும் தெரியாது. "உன் கல்யாணத்தன்னிக்கு மணவறையில உட்கார்ந்திருந்தியே, அந்த மூஞ்சி" என்றேன்.

மாட்டுக்கொட்டகையில் மருந்தடிக்கிற மிஷினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்த என் தம்பி தலையை நீட்டினான். "ஏன், அன்னிக்கு இவ மூஞ்சிக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றாள் மல்லிகா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அன்னிக்கு என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணி."

"கேட்டிருந்தா?"

"இவரைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்."

கேட்க வரவில்லை

வெள்ளிக்கிழமை மல்லிகா எங்களை எல்லாம் கிளப்பிக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். கூடையில் பூவும் வெற்றிலையும் இருந்ததைப் பார்த்து எனக்குப் பக்கென்றது. மறுபடியும் கேட்கப் போகிறாளோ? பூசாரியும் அப்படித்தான் நினைத்தார்.

"மறுபடியும் கட்டணுமாம்மா? ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவை கூடாதே."

"கட்ட வேணாம். பொங்கல் வைக்கத்தான் வந்தோம்."

பொங்கல் பொங்கியது. படைத்துவிட்டு மல்லிகா அம்மனுக்கு எதிரில் போய் நின்றாள். அவள் மனசுக்குள் கும்பிடுகிறவள் இல்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் வேலிக்கு மேலாகப் பேசுகிற மாதிரிதான் பேசுவாள்.

"தாயே, நீ செவப்புதான் குடுத்தே. நாங்க இல்லைங்கல. இந்தப் புள்ள மாத்திச் சொல்லிருச்சு. இன்னைக்கு நான் உன்கிட்டக் கேக்க வரலை, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். எம்பொண்ணு விலங்கியல் படிக்கப் போறா. உனக்குக் கோபம்னா அவமேல காட்டாத. எனக்கு ஒரு ரெண்டு நாள் காய்ச்சலைக் குடு." கொஞ்சம் யோசித்தாள். "நடவு முடிஞ்சதும் குடு. இப்ப ஆள் கிடைக்கலை."

பூசாரி தீபாராதனைத் தட்டைப் பிடித்துக்கொண்டே திரும்பி நின்று சிரித்தார்.

நடவு முடிந்தது. மறுநாள்தான் கயலுக்குக் கல்லூரி திறக்கிற நாள். அன்றைக்கு நான் விடிகாலையில் எழுந்து அடுப்படிக்குப் போனால், மல்லிகா விளக்கைப் போட்டுக்கொண்டு கழுத்தில் கையை வைத்தபடி நிற்கிறாள்.

"சூடு இருக்கான்னு பாருங்க, அண்ணி."

தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. "ஒண்ணும் இல்ல" என்றேன்.

"நல்லாப் பாருங்க."

நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்து நல்லாப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லம்மா."

அதற்கப்புறம்தான் உள்ளே போய் மகளை எழுப்பினாள்.

"எந்திரிடி. காலேஜுக்கு நேரமாச்சு."